பாட்டனார் விட்டுச்சென்ற உழுபொறி

மாணாக்கர் தம் ஓய்வுப்பொழுதைக் கழிக்கும் வகைகள் பலவாம். தபால்தலை சேர்ப்பார் சிலர். புறா வளர்ப்பார் சிலர். கிரிக்கெட் பந்தின் பின்னே ஓடுவார் பலர். கைப்பேசியைக் கண்முன் நிறுத்தித் தாம் இருக்கும் இடத்தையே மறப்பார் மிகப் பலர். இவற்றுள் எதனையும் இகழ்தற்கு யான் முற்பட்டேனல்லேன். எனினும், தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இலக்கணம் பயிலும் ஒருவன் சனிக்கிழமைதோறும் முழங்கைவரை கரிய எண்ணெய் படிந்தவனாய் லாங் பஜார் வழியே மிதிவண்டியில் திரும்புவதைக் கண்ட ஆசிரியப் பெருமக்களும் தோழர்களும், "இஃது என்ன கோலம்?" என்று என்னைப் பலமுறை வினவியதுண்டு. தெருவில் நின்றபடியே விடையிறுக்கத்தக்க வினா அன்று அது. ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, அவ்விடையையே எழுதித் தந்துவிடலாம் எனத் துணிந்தேன்.

என் பொழுதுபோக்கு, பழுதுற்றுக் கிடந்த ஒரு பழைய பவர் டில்லரைப் புதுக்கிப் பேணுதலாகும். பவர் டில்லர் என்பது இரு சக்கரமுடைய சிறு உழுபொறி. முன்னே ஒற்றைச் சிலிண்டர் டீசல் இயந்திரம். நடுவே பல்சக்கரப் பெட்டி. பின்னே சுழலும் தண்டில் பூட்டிய வளைந்த கத்திகள். அவற்றிற்கும் பின்னே, உழுபவன் பற்றிக்கொண்டு நடப்பதற்குரிய இரண்டு நீண்ட கைப்பிடிகள். டிராக்டரின்மேல் ஏறி அமர்வது போல எங்கள் பொறியின்மேல் ஏறி அமர்ந்து உழுதல் இயலாது. ஏர் பிடித்தவன் எருதின் பின்னே நடந்தாற்போலவே இதன் பின்னும் நடத்தல் வேண்டும். ஆதலின் அக்கைப்பிடிகளை மேழி என்றும், கத்திகளைக் கொழு என்றும் யான் எனக்குள்ளே வழங்கிவருகிறேன். நுகம் ஒன்றே இதற்கு இல்லை.

இப்பொறியின் வரலாறு சுவையுடையது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த ஆர்தர் கிளிஃபோர்டு ஹோவார்டு என்பவர், 1912-ஆம் ஆண்டில், ஏறத்தாழ என் வயதினராக இருந்தபோது, தம் தந்தையாரின் பண்ணையில் இயந்திரத்தின் சுழற்சியையே மண்ணைக் கிளறப் பயன்படுத்திப் பார்த்தார். முதலில் மண் பக்கவாட்டில் சிதறிற்று. பின்னர்க் கத்தியை ஆங்கில எழுத்தாகிய 'எல்' வடிவில் வளைத்தபின் அக்குறை நீங்கிற்று. அவர் வழியே வந்த 'ரோட்டவேட்டர்' என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி, இறுதியிலிருந்து முதல் நோக்கிப் படித்தாலும் அதே பெயராக வரும். நம் சித்திரகவியுள் மாலைமாற்று என்பதொன்று உண்டு. திருஞானசம்பந்தர் அதில் ஒரு பதிகமே பாடியுள்ளார். உழுபொறியின் பெயரிலும் ஒரு மாலைமாற்று ஒளிந்திருப்பதைக் கண்ட அன்று, வகுப்புக்கும் பட்டறைக்கும் இடையே எனக்கொரு சிறு பாலம் கிடைத்தாற்போல் மகிழ்ந்தேன்.

அமெரிக்க நாட்டில் பெஞ்சமின் பிராங்கிளின் கிரேவ்லி என்னும் புகைப்படக்காரர் தம் வீட்டுத் தோட்டத்தைக் கிளறுதற்கென்று ஒரு மோட்டார்க் கலப்பையைச் செய்து 1916-இல் அதற்கு உரிமம் பெற்றார். 1946-இல் வீல் ஹார்ஸ் என்பதும், 1961-இல் கப் கேடட் என்பதுமாகத் தோட்டத்திற்குரிய சிறு டிராக்டர்கள் அங்கே பல பெருகின. இன்று அந்நாட்டார் பலர் அவற்றைத் தேடிப் பிடித்து, துரு நீக்கி, பழைய வண்ணத்தையே மீண்டும் பூசிக் காட்சிக்கு வைத்து மகிழ்கின்றனர். நம் நாட்டிலோ சிறு உழுபொறி தோட்ட அழகுக்காக வந்ததன்று. சேற்று வயலுக்காக வந்தது. சிறு வயல்கள் மிகுந்த ஜப்பானில் இரண்டாம் உலகப் போருக்குப்பின் பெருகிய கைடிராக்டரே நமக்கு வழிகாட்டி. 1967-இல் பெங்களூரில் மிட்சுபிஷி நிறுவனத்தின் கூட்டுறவோடு வி.எஸ்.டி. நிறுவனமும், 1973-இல் கேரளத்து அத்தாணியில் காம்கோ என்னும் அரசு நிறுவனமும் தோன்றின. இவ்விரண்டின் பொறிகளையும் தென்னாட்டு வயல்களில் யாவரும் கண்டிருக்கலாம். நம்மவர் பழைய இயந்திரத்தைப் புதுக்குவது பெரும்பாலும் தேவையினால். விருப்பத்தினால் புதுக்குவார் அரியர். அவ்வரியருள் யானும் ஒருவன் ஆன வகையைக் கூறுவன்.

நிற்க. எங்கள் முன்னோர் வேலூருக்குக் கிழக்கே பாலாற்றின் கரையில் ஒரு சிற்றூரினர். என் பாட்டனார் இளமையில் காட்பாடியில் மிஷனைச் சேர்ந்த விவசாயப் பண்ணையில் சில காலம் வேலை செய்தவர். வரிசை பிடித்து நடுவதும், கோழிக்குத் தீனி நிறுத்துப் போடுவதும், கருவிகளைக் கழுவி வைப்பதும் அங்கே கற்றதாகச் சொல்லுவார். அவர் 1984-இல் ஒரு ஜோடி எருதை விற்றும், வங்கியில் கடன் பெற்றும் இப்பொறியை வாங்கினாராம். ஊரார் அதனைக் காண்பதற்கென்றே களத்துமேட்டில் கூடினராம். ஒன்பது ஆண்டுகள் அது உழுதது, அண்டை அயலார் நிலங்களையும் கூலிக்கு உழுதது, கடனும் தீர்ந்தது. 1993-இல் ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது அது திடீரெனத் திரும்பிப் பாட்டனாரின் வலக்காலின்மேல் சாய்ந்தது. எலும்பு முறிந்தது. அவர் அதன்பின் இறக்கும்வரை கோலூன்றியே நடந்தார். "இடப்பக்கத்துக் கிளட்ச் கெட்டுவிட்டது, அந்த வண்டியை எவரும் தொடக்கூடாது" என்று அவர் கூறியது எங்கள் வீட்டில் ஒரு சட்டமாயிற்று. மாட்டுக்கொட்டிலின் மூலையில் அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது.

அவ்வாண்டுகளில் ஊரும் மாறிற்று. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையில் கலந்து கிணறுகளைக் கெடுத்த கதையை இப்பகுதியார் அனைவரும் அறிவர். 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவ்வழக்கில் அளித்த தீர்ப்பு இன்று சட்டக் கல்லூரிகளில் பாடமாக உள்ளது. எங்கள் கிணற்று நீரும் உப்பாயிற்று, நெல் ஒழிந்தது, தென்னை காய்ந்தது. என் தந்தையார் ஏரை விட்டு இராணிப்பேட்டையில் ஒரு தோற்பொருள் தொழிற்சாலையில் தோல் வெட்டும் வேலைக்குச் சென்றார். நாங்கள் லாங் பஜாரை அடுத்த ஒரு சந்தில் வாடகை வீட்டிற்குக் குடிபெயர்ந்தோம். தோல் எங்கள் கிணற்றைக் கெடுத்தது. தோலே எங்களுக்குச் சோறும் இட்டது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கூறுவோர் இவ்வூரை முழுதும் அறிந்தவராகார். ஏரிக்கரையின் கீழே மழைநீரால் விளையும் முக்கால் ஏக்கர் மட்டும் எங்களுக்கு எஞ்சிற்று. அதில் என் சிற்றப்பா கேழ்வரகும் வேர்க்கடலையும் விதைத்துவந்தார்.

சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் கொட்டிலில் நின்று பொறியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாயிரம் ரூபாய் தருவதாகச் சிற்றப்பாவிடம் பேசி முடித்திருந்தார். அதனைக் கண்டபோது எனக்குள் எழுந்தது இரக்கமோ ஆசையோ அறியேன். சிறுவனாயிருந்தபோது அக்கொட்டிலில் ஒளிந்து விளையாடுகையில், பாட்டனார் தம் கோலினால் சக்கரத்தைத் தட்டியபடி நெடுநேரம் அதன் அருகே நின்றதைக் கண்டிருக்கிறேன். கால் முறித்த ஒன்றை அவர் ஏன் அவ்வாறு அன்போடு நோக்கினார் என்பது அக்காலத்தில் எனக்கு விளங்கவில்லை. "சித்தப்பா, ஆடி மாதம்வரை பொறுங்கள். அதற்குள் ஓட்டிக் காட்டுகிறேன். ஓடாவிட்டால் இரும்புக் கடைக்கே போகட்டும்" என்றேன். அவர் நகைத்தார், எனினும் இசைந்தார். என் தந்தையாரோ, "அதைத் தொடவேண்டாம் என்று தாத்தா சொன்னது உனக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டு, அப்பால் ஒன்றும் சொல்லவில்லை.

இனி, எனக்கு ஆசான் வாய்த்ததைக் கூறல் வேண்டும். லாங் பஜார் என்பது வேலூரின் களஞ்சியம். விடியுமுன்னரே லாரிகளிலிருந்து புளியும் மிளகாயும் வெல்லமும் இறங்கும்; சுமைதூக்குவோர் வழிவிடச் சொல்லிக் கூவுவர்; நேதாஜி மார்க்கெட்டின் காய்கறி மணமும், கயிற்றுக் கடையின் தேங்காய்நார் மணமும், நாட்டுமருந்துக் கடையின் திப்பிலி மணமும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். அக்கடைகளின் பின்னே ஒரு குறுஞ்சந்தில், எழுபது வயதைக் கடந்த ஒரு பாய், ஆயில் இஞ்சின் பழுதுபார்க்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறார். கிணற்று இஞ்சின்கள் மின்சார மோட்டாருக்கு இடங்கொடுத்து மறைந்தபின் அவருக்கு வேலை குறைந்தது, பொறுமை குறையவில்லை. யான் சென்று பாட்டனாரின் பெயரைச் சொன்னதும் அவர் சற்று நேரம் என் முகத்தையே நோக்கினார். பிறகு, "வண்டி இன்னும் இருக்கிறதா?" என்றார். கூலி ஒன்றும் பேசவில்லை. அதன் காரணம் பின்னரே தெரிந்தது.

முதல் வேலை இறுகிய பிஸ்டனை இளக்குவது. முப்பது ஆண்டுத் துருவினால் அது சிலிண்டரோடு பற்றிக்கொண்டிருந்தது. "சம்மட்டியை எடுத்தால் என் பட்டறைக்கு வராதே" என்று பாய் எச்சரித்தார். மண்ணெண்ணெயும் இஞ்சின் எண்ணெயும் கலந்து சிலிண்டருள் ஊற்றி, நாள்தோறும் பறக்குஞ்சக்கரத்தை ஒரு விரற்கடை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கச் சொன்னார். ஊரிலுள்ள என் தம்பி இவ்வேலையை ஏற்றுக்கொண்டான். பதினோராம் நாள், "அண்ணா, அசைந்தது!" என்று தொலைபேசியில் அவன் கூவியபோது, யான் யாப்பருங்கலக்காரிகை வகுப்பிலிருந்து அப்பொழுதுதான் வெளியே வந்திருந்தேன். பிறகு இஞ்சினை மட்டும் கழற்றி, ஒரு காய்கறி வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொணர்ந்தோம்.

நீர்த்தொட்டியின் உட்புறம் சுண்ணாம்புப் பாறைபோல் உப்புப் படிந்திருந்தது. இஞ்சினின் வெப்பத்தைத் தணிக்கும் நீர் நிற்கும் இடம் அது. படிவு தடித்தால் வெப்பம் நீருக்குச் செல்லாது. கடையில் விற்கும் அமிலத்தை வாங்கலாமா என்று எண்ணியிருந்தேன். என் ஆயா, "பித்தளை அண்டாவைத் துலக்குவதற்குப் புளி போதும், இதற்குப் போதாதா?" என்றார். லாங் பஜாரில் பழம்புளி இரண்டு கிலோ வாங்கிக் கரைத்து ஊற்றி, நான்கு நாள்களுக்கு ஒருமுறை மாற்றினேன். மூன்றாம் முறை கொட்டியபோது சாம்பல்நிறச் சேறு வெளிவந்தது. அடியிலிருந்த வார்ப்பிரும்பின் முகம் தெரிந்தது.

துருவிற்கும் மருந்து இவ்வூர்க் கடையிலேயே இருந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்தபின் எஞ்சும் துருவின்மேல், கடுக்காய்த் தூளைக் காய்ச்சி வடித்த நீரைப் பூசுமாறு பாய் கூறினார். பூசிய சில நாழிகையில் செந்துரு நீலங்கலந்த கருமையாக மாறிற்று. இரும்பும் துவர்ப்பும் கூடினால் கருமை பிறக்கும். கடுக்காயோடு அன்னபேதி சேர்த்துப் பண்டைக் கணக்கர் மை காய்ச்சியதும் இம்முறையினாலேயே. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலுக்குத் துவர்ப்பேற்றியதே இப்பகுதியின் பழந்தொழில். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரெட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னையில் குரோமியத்தால் பதனிடும் முறையைச் சோதித்துப் பரப்ப முயன்ற பின்னரே அத்தொழில் வேறு வழியில் திரும்பலாயிற்று. எழுதுமையும், பதனிட்ட தோலும், என் பொறியின் துருநீக்கமும் ஒரே கடுக்காயிலிருந்து வந்தன என்பதை எண்ணுந்தோறும் வியப்பேன்.

எரிபொருள் கலத்தில் தார்போல் இறுகிய டீசல் இருந்தது. சிறு கூழாங்கற்களையும் மண்ணெண்ணெயையும் இட்டுக் குலுக்கிக் குலுக்கி அதனைக் கழுவினோம். பல்சக்கரப் பெட்டியிலிருந்து வடிந்த எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தது. நீர் கலந்ததன் அடையாளம் அது. பிஸ்டன் வளையங்கள், எரிபொருள் தூவும் நாசில், வி-பெல்ட்டுகள், வடிகட்டி ஆகியவை புதியனவாக வாங்கப்பெற்றன. மாலைநேரத்தில் சிறுவர்க்குத் தமிழ் கற்பித்து யான் ஈட்டிய பணம் இவ்வாறு இரும்பாயிற்று. கணக்குப் புத்தகத்தில் மொத்தம் 9,460 ரூபாய் ஆயிற்று. என் தாயார் அத்தொகையைக் கண்டு பெருமூச்செறிந்தார்.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி எழுப்பும் கருவி இல்லை என்பதைப் பலர் அறியார். காற்றைத் தன் பருமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அமுக்கினால், அக்காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். 1892-இல் இக்கருத்துக்கு உரிமம் கோரிய ருடால்ஃப் டீசல், 1897-இல் அதனைச் செம்மையாக ஓடச் செய்தார். இவ்வமுக்கத்தைக் கைவலியினால் வெல்லுதல் அரிது. ஆகையால் முதலில் ஒரு நெம்புகோலால் வால்வைத் திறந்துவைத்து, கைச்சுழற்றியால் விரைந்து சுற்றி, சக்கரம் வேகம் கொண்டதும் நெம்புகோலை விட்டுவிடவேண்டும். சுழற்றியைப் பிடிக்கையில் கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கத்திலேயே வைத்தல் வேண்டும். இஞ்சின் பின்னே உதைத்தால் கட்டைவிரல் முறியும். எரிபொருட் குழாயில் ஒரு குமிழி காற்று இருந்தாலும் அது தொடங்காது. வடிகட்டியின் திருகை இளக்கிக் குமிழியில்லாத டீசல் வழியும்வரை பொறுத்திருந்து, பிறகு இறுக்கவேண்டும். "கண்ணால் பார்க்காதே, காதால் கேள், நாசில் 'கிரீச்' என்று கத்தினால்தான் தூவுகிறது என்று பொருள்" என்பார் பாய். ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை அவ்வொலி கேட்டது. நெம்புகோலை விட்டேன். ஒருமுறை இருமிற்று, கரும்புகை கக்கிற்று, பின் 'டக், டக்' என்று சீராக ஓடலாயிற்று. சந்திலிருந்த கடைக்காரரெல்லாம் எட்டிப் பார்த்தனர். பாய் தம் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு மெல்ல நகைத்தார்.

இதுவரை யான் கூறியது இரும்பைப் பற்றியது. இனிக் கூறப்போவது என் பிழையைப் பற்றியது.

ஜூலை முதல் வாரத்தில் பாய் எங்கள் ஊருக்கே வந்தார். இஞ்சினை மீண்டும் பூட்டியபின், பாட்டனாரின் காலை முறித்த இடப்பக்கக் கிளட்சை யான் ஆவலோடு திறந்தேன். இப்பொறியைத் திருப்புவதற்குச் சக்கர வளையம் இல்லை. ஒவ்வொரு மேழியின் கீழும் ஒரு பிடி உண்டு. இடப்பிடியை அழுத்தினால் இடச்சக்கரத்துக்கு விசை செல்லாது நிற்கும். வலச்சக்கரம் தள்ளப் பொறி இடப்புறம் திரும்பும். அப்பிடியோடு இயைந்த பற்கள், கம்பி, சுருள்வில் ஆகிய அனைத்தையும் துடைத்து நோக்கினேன். ஒரு பல்லும் தேயவில்லை. ஒரு வில்லும் முறியவில்லை. "பாய், இதில் ஒரு குற்றமும் இல்லையே!" என்றேன்.

அவர் தரையில் அமர்ந்து ஒரு குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். சமநிலத்தில் இஞ்சின் சக்கரங்களைத் தள்ளுகிறது. சரிவில் இறங்கும்போதோ சக்கரங்கள் தாமே ஓட முயல, இஞ்சின் அவற்றைத் தடுத்துப் பிடிக்கிறது. அவ்வேளையில் இடப்பிடியை அழுத்தினால், தடையினின்று விடுபட்ட இடச்சக்கரம் விரைந்தோடும். தடைபட்ட வலச்சக்கரம் பின்தங்கும். பொறி வலப்புறம் திரும்பிவிடும். ஏற்றத்தில் நண்பனாயிருந்த பிடி இறக்கத்தில் பகைவனாகும். ஆதலின் சரிவில் கடைநிலைக் கியரில், பிடிகளைத் தொடாமல், மேழியை உடல்வலியால் திருப்பியே இறங்குதல் வேண்டும். இதனை விளக்கிவிட்டுப் பாய், "தம்பி, இது நமக்குள் இருக்கட்டும்" என்றார். ஏன் என்று யான் கேட்கவில்லை. புதிதாக ஒன்றை அறிந்துவிட்டோம் என்னும் செருக்கினால் அச்சொல் என் செவியில் ஏறவில்லை.

அன்றிரவு உணவின்போது யான் வாய் திறந்தேன். "அப்பா, தாத்தாவின் காலை முறித்தது இந்த வண்டி அன்று. கிளட்ச் கெடவே இல்லை. நானே திறந்து பார்த்தேன். இறக்கத்தில் ஓட்டியவர் இயல்பு தெரியாமல் இடப்பிடியை அழுத்தியிருக்கிறார், அவ்வளவுதான்" என்றேன். பாட்டனாரே அன்று ஓட்டினார் என்றல்லவா யான் எண்ணியிருந்தேன்! என் தந்தையார் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தார். "நன்றாகப் பார்த்தாயா?" என்றார். "ஆம், அப்பா" என்றேன். அவர் எழுந்து கைகழுவிக்கொண்டு வெளியே சென்றார். என் தாயார் என்னை நோக்கிய நோக்கில் யான் ஏதோ ஒன்றை உடைத்துவிட்டேன் என்பது மட்டும் விளங்கிற்று.

மறுநாள் பட்டறையில் பாய் முழுவதையும் கூறினார். 1993-இல் அம்மேழியைப் பிடித்திருந்தவர் பதினாறு வயதினரான என் தந்தையார். பாட்டனார் பக்கத்தில் நடந்துவந்தார். பொறி திரும்பியது, மகனைத் தள்ளிவிட்டுத் தாம் அதன்கீழ் அகப்பட்டார். மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் பாயை வரவழைத்து, "பையன் தன் தந்தையை முடமாக்கினேன் என்று வாழ்நாள் முழுதும் நினைக்கக்கூடாது. கிளட்ச் கெட்டுவிட்டது என்று நீங்களும் சொல்லவேண்டும்" என்று ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாராம். பாய் அவ்வாக்கை முப்பது ஆண்டு காத்தார். பாட்டனாரோ அதனைக் காத்தற்பொருட்டு ஓடக்கூடிய ஒரு பொறியையே துருவிற்கு உணவாக்கினார். அதனை ஓட்டினால் பொய் வெளிப்படும்; விற்றாலோ, வாங்குபவனிடம் குற்றமுள்ளது என்று ஒரு பொய்யும், குற்றமற்றது என்று மகனுக்குத் தெரியவரும் ஓர் அச்சமும். எனவே விற்கவுமில்லை, ஓட்டவுமில்லை. கூலிக்கு எருது பிடித்தே உழுதார். கோலால் சக்கரத்தைத் தட்டிக்கொண்டு அவர் நின்ற காட்சியின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

யான் அழுதேன் என்று எழுதுவதற்கு நாணவில்லை. பாய் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "இரும்பைத் திறப்பதற்கு முன்னால் எண்ணெய் விட்டு எத்தனை நாள் பொறுத்தாய்? வீட்டுப் பேச்சுக்கும் அந்தப் பொறுமை வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலை என் தந்தையாரிடம் சென்று, "மன்னித்துவிடுங்கள், அப்பா, எனக்குத் தெரியாது" என்றேன். "எனக்கும் தெரியாது" என்றார் அவர். இருவரும் நெடுநேரம் திண்ணையில் வாளா இருந்தோம். பொறியை இரும்புக் கடைக்கே அனுப்பிவிடலாமா என்று யான் கேட்டேன். அவர் விடை கூறவில்லை.

இரண்டு வாரம் கழிந்தது. ஒரு நாள் இரவு அவர் வேலையிலிருந்து வந்து ஒரு காகிதப் பொட்டலத்தை என் மேசைமேல் வைத்தார். அதனுள் கெட்டித் தோலால் தைத்த இரண்டு உறைகள் இருந்தன. மேழியின் ரப்பர்ப் பிடிகள் வெடித்து உதிர்ந்திருந்ததையும், அதற்குத் தக்கது கடைகளில் கிடைக்காமல் யான் துணி சுற்றி வைத்திருந்ததையும் அவர் கவனித்திருக்கிறார். வெட்டுத்தோல் துண்டுகளைக் கேட்டுப் பெற்று, அளவு பார்த்து, உணவு இடைவேளைகளில் தாமே தைத்திருக்கிறார். தையல் ஒவ்வொன்றும் மணிகோத்தாற்போல் ஒழுங்காக இருந்தது. "ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து ஊருக்குப் போவோம்" என்றார்.

ஆடி மாதத்து இரண்டாம் ஞாயிறு அது. முன்னாள் இரவு நல்ல மழை பெய்து மண் பதமாயிருந்தது. சிற்றப்பா, ஆயா, தம்பி, பாய் ஆகிய அனைவரும் கரையில் நின்றனர். இஞ்சினைத் தொடக்கியது யான். மேழியைப் பற்றியது என் தந்தையார். முப்பது ஆண்டுகளுக்கு முன் விழுந்த அதே சரிவு. அவர் கடைநிலைக் கியரை இட்டார். பிடிகளிலிருந்து விரல்களை விலக்கி என்னிடம் காட்டினார். "பார்த்துக்கொள்" என்றார். பொறி மெல்ல மெல்ல, ஒரு முழம் அகலமும் விலகாமல், நேரே இறங்கி வயலை அடைந்தது. கொழு மண்ணிற் புகுந்தது; கரிய மண் புரண்டது; எங்கிருந்தோ இரண்டு கொக்குகள் வந்து பின்னே நடந்தன. முதற் சாலின் இறுதியில் அவர் திரும்பியபோது முகத்தில் இருந்தது வியர்வையோ வேறோ யான் நெருங்கிச் சென்று பார்க்கவில்லை. ஆயா மட்டும், "உங்க அப்பா பார்க்கணும் இதை" என்று மெல்லச் சொன்னார்.

இப்பொழுது சிற்றப்பா அதனை விற்கும் பேச்சையே எடுப்பதில்லை. புதுக்குதல் ஒருமுறை செய்யும் வேலை, பேணுதலோ முடிவற்றது. வாரத்திற்கொருமுறை இஞ்சினைச் சிறிதுநேரம் ஓட்டுதல், உழுதபின் கத்திகளைக் கழுவி எண்ணெய் தடவுதல், காற்று வடிகட்டியின் எண்ணெயை மாற்றுதல், நெடுநாள் நிறுத்துங்கால் நீர்த்தொட்டியை வடித்துவிடுதல், பெல்ட்டின் இறுக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தல் ஆகிய இவற்றையெல்லாம் தவறாது செய்துவருகிறேன். எங்கள் சேரியில் மற்றொருவர் வீட்டிலும் இத்தகைய பொறி ஒன்று கிடக்கிறது. அதனையும் பார்த்துத் தருமாறு கேட்டிருக்கிறார். அதனைத் திறக்குமுன் அது ஏன் நின்றது என்பதை அவர் வீட்டாரிடம் பொறுமையாகக் கேட்டறிய எண்ணியுள்ளேன்.

'இஃது என்ன கோலம்?' என வினவிய நண்பர்களுக்கு இதுவே என் விடை. கையில் படிந்த எண்ணெய் மண்ணெண்ணெயால் நீங்கிவிடும். ஓடக்கூடிய பொறி ஒன்று முப்பது ஆண்டு ஓடாமல் நின்றதன் காரணத்தை மட்டும் யான் மறவேன். இவ்விடையில் ஐயமுடையோர் எந்தச் சனிக்கிழமையாயினும் லாங் பஜாரின் பின்சந்துக்கு வரலாம். பாய் இஞ்சினைக் காட்டுவார், தேநீரும் தருவார். கைச்சுழற்றியைப் பிடிக்க விரும்புவோர் கட்டைவிரலை மட்டும் மறவாதிருப்பாராக.